பழுப்பு எங்கே தொடங்கியது? ஊசியிலைச் செடிகளும் வேலியும் கருகும்போது

பச்சைச் சுவர் போல நின்றிருந்த சைப்ரஸ் வேலியில் ஒரு நாள் காலை கையகலத்துக்கு ஒரு பழுப்புத் திட்டு தெரிகிறது. நேற்று வரை இல்லை என்று அடித்துச் சொல்வோம். உடனே கை குழாயைத் தேடும், இல்லையென்றால் உர மூட்டையை, இல்லையென்றால் போன வருடம் மிச்சம் வைத்த பூச்சிமருந்தை. கொஞ்சம் பொறுங்கள். அந்தத் திட்டு நேற்று உருவானதல்ல. அதற்கான காரணம் பெரும்பாலும் சில வாரங்களுக்கு முன்பே, சில சமயம் சில மாதங்களுக்கு முன்பே நடந்து முடிந்திருக்கும். நாமும் அதை மறந்திருப்போம்.

ஊசியிலைச் செடிகளைப் பொறுத்தவரை பழுப்பு என்பது பழைய செய்தி. அதனால் முதல் வேலை மருந்து தேடுவதல்ல. பழுப்பு செடியின் எந்த இடத்தில் இருக்கிறது, எங்கிருந்து எந்தப் பக்கமாகப் பரவுகிறது என்று பார்ப்பதுதான். இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு கேள்வியைத்தான் சுற்றி வரப்போகிறது.

தாமதமாகச் சொல்லும் செடி

செம்பருத்தியில் ஒரு கொம்பை ஒடித்து வெயிலில் போட்டால் மாலைக்குள் இலை தொங்கிவிடும். அதே நேரத்தில் துஜாவில் ஒரு கிளையை ஒடித்து, நிழலில் ஒரு ஓரமாகப் போட்டுப் பாருங்கள். மறுநாளும் பச்சை. மறுவாரமும் ஏறக்குறைய பச்சை. தான் செத்துப்போனது அதற்கே தெரியாத மாதிரி கிடக்கும்.

இலையின் அமைப்புதான் காரணம். பைன், ஸ்ப்ரூஸ் போன்றவற்றில் இலை ஊசியாக இருக்கும். துஜா, சைப்ரஸ் போன்றவற்றில் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிய சின்னச் சின்னச் செதிலாக இருக்கும். எதுவானாலும் மேலே மெழுகுப் பூச்சும் தடித்த தோலும் உண்டு. நீராவி வெளியேறும் துளைகளும் பெரும்பாலும் உள்ளே பதிந்திருக்கும். வறட்சியைத் தாங்க இது நல்ல ஏற்பாடு. தோட்டக்காரருக்குத்தான் சங்கடம். தண்ணீர் போதவில்லை என்றால் வாடித் தொங்கிக் காட்ட இங்கே அகன்ற இலை கிடையாது. உள்ளுக்குள் காய்ந்து முடிந்த பிறகுதான் நிறம் மாறும்.

ஆகவே திட்டைப் பார்த்ததும் நாட்காட்டியைப் பின்னோக்கிப் புரட்டுங்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு முன் தொடர்ந்து வெயில் அடித்ததா? ஊருக்குப் போய் பத்து நாள் தண்ணீர் விடாமல் இருந்தோமா? பக்கத்தில் பள்ளம் தோண்டிக் குழாய் பதித்தார்களா? களைக்கொல்லி அடித்தோமா? வெட்டியது எப்போது, எவ்வளவு ஆழமாக? பதில் பெரும்பாலும் இந்தக் கேள்விகளில் ஒன்றில் மாட்டும்.

போன பச்சை திரும்பாது

இரண்டாவது விஷயம் கொஞ்சம் கசப்பானது. முழுப் பழுப்பான ஊசியோ செதிலோ மறுபடி பச்சையாகாது. எந்த உரமும் எந்தக் கரைசலும் அதைச் செய்யாது. அந்த இடம் பச்சையாகத் தெரிய வேண்டுமென்றால் புதுத் துளிர் வந்து மூடினால்தான் உண்டு.

அந்தத் துளிர் எங்கிருந்து வரும் என்பதில்தான் ஊசியிலைச் செடிக்கும் மற்றச் செடிக்கும் பெரிய வித்தியாசம். செம்பருத்தி வேலியை முழங்கால் உயரத்துக்கு வெட்டினாலும் பழைய கட்டையின் பட்டைக்கு அடியிலிருந்து மொட்டு கிளம்பும். சைப்ரஸ், ஜூனிபர், ஸ்ப்ரூஸ், பைன் போன்றவற்றின் பழைய கட்டையில் அப்படி எழும் மொட்டு கிட்டத்தட்டக் கிடையாது. பச்சை இருக்கும் வரைதான் அதற்கு உயிர்ப்பு. பச்சையைத் தாண்டி வெட்டினால் அந்த இடம் மொட்டையாகவே நிற்கும். துஜா மட்டும் சில சமயம் கொஞ்சம் துளிர்த்துக் காட்டும். அதை நம்பிக் கத்தரியை எடுக்க வேண்டாம்.

விதிவிலக்குகள் உண்டு. யூ மரம் பழைய கட்டையிலிருந்து நன்றாகத் துளிர்க்கும். கடலோர ரெட்வுட்டும் கிரிப்டோமேரியாவும்கூட அப்படித்தான். உங்கள் வேலி எந்த இனம் என்று தெரியாமல் கத்தரி எடுக்காதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

கிளை செத்துவிட்டதா, இலை மட்டும் போனதா என்று அறிய நகமே போதும். பழுப்பான கிளையின் பட்டையை லேசாகச் சுரண்டுங்கள். அடியில் ஈரமான பச்சை தெரிந்தால் கிளைக்கு உயிர் இருக்கிறது, ஒரு பருவம் காத்திருக்கலாம். காய்ந்த தவிட்டு நிறம் தெரிந்து, வளைத்தால் படக்கென்று ஒடிந்தால் அது விறகு. நுனியிலிருந்து அடி நோக்கிச் சுரண்டிக்கொண்டே வந்தால் உயிர் எங்கே தொடங்குகிறது என்று துல்லியமாகத் தெரிந்துவிடும்.

பயப்பட வேண்டாத பழுப்பு

எல்லாப் பழுப்பும் நோயல்ல. பசுமைமாறா மரம் என்றால் இலையே உதிராது என்று நினைத்துக்கொள்கிறோம். உதிரும், ஒரேயடியாக உதிராது, அவ்வளவுதான். பைன் ஊசியின் ஆயுள் பல இனங்களில் இரண்டு முதல் ஐந்து வருடம். பிரிசில்கோன் பைன் போன்ற ஒன்றிரண்டு பிடிவாதக்காரர்கள் 30 வருடத்துக்கு மேலும் ஒரே ஊசியை வைத்துக்கொண்டிருப்பார்கள். ஆயுள் முடிந்தவை உள்பக்கம், தண்டை ஒட்டிய பகுதியில் மஞ்சளாகிப் பழுப்பாகி விழும். துஜாவில் செதில்கள் தனித்தனியாக உதிராமல், சின்னக் கிளைக்கொத்தாகவே உதிரும். இதைப் பார்த்துப் பலர் பதறுவார்கள்.

அடையாளம் சுலபம். உள்ளே பழுப்பு, நுனி பச்சை, செடி முழுக்க ஒரே சீராக இருந்தால் அது வயது. பெரும்பாலும் இலையுதிர் காலத்தை ஒட்டி வரும்.

குளிர் காலத்தில் சில துஜா வகைகளும் கிரிப்டோமேரியாவும் வெண்கல நிறத்துக்கு மாறும். வெயில் வந்ததும் தானே பச்சைக்குத் திரும்பிவிடும். "பழுப்பு திரும்பாது என்றாயே" என்று கேட்கலாம். இது காய்ந்த பழுப்பல்ல, இலை உயிரோடுதான் இருக்கிறது. விரலில் கசக்கிப் பாருங்கள், நெகிழ்வாக இருக்கும், வாசமும் வரும். செத்த இலை நொறுங்கும்.

அப்புறம் லார்ச், டான் ரெட்வுட், சதுப்பு சைப்ரஸ் ஆகியவை ஊசியிலை இனமாக இருந்தாலும் வருடாவருடம் முழுதாக இலையுதிர்ப்பவை. இதைத் தெரியாமல் நல்ல மரத்தை வெட்டித் தள்ளியவர்கள் உண்டு.

இடத்தை வைத்துக் காரணத்தைப் பிடிப்பது

இனி உண்மையான தொல்லைகள். செடியிலிருந்து பத்தடி தள்ளி நின்று முழு வேலியையும் ஒரு முறை பாருங்கள். கிட்டே போனால் இலைதான் தெரியும், வடிவம் தெரியாது.

காற்று அடிக்கும் பக்கம் அல்லது வெயில் பக்கம் மட்டும் பழுப்பாகி, மறுபக்கம் பச்சையாக இருந்தால் அது காய்ச்சல், அதாவது வேர் கொடுப்பதைவிட இலை அதிகம் இழந்தது. மண் உறையும் குளிர்ப் பிரதேசங்களில் இது இன்னும் மோசம். மேலே வெயிலும் காற்றும் இலையிலிருந்து நீரை உறிஞ்சும், கீழே வேரைச் சுற்றி நீரெல்லாம் பனிக்கட்டியாக இருக்கும். செடி தண்ணீர் நடுவே நின்றபடி தாகத்தில் காயும். மண் உறைவதற்கு முன் ஆழமாக நீர் விடுவதும், இளம் செடிக்குக் காற்று வரும் பக்கம் சாக்குத் துணியில் ஒரு தடுப்புக் கட்டுவதும்தான் பாதுகாப்பு.

சாலைப் பக்கம் மட்டும் பழுப்பானால் உப்பைச் சந்தேகியுங்கள். பனி உருக்கச் சாலையில் கொட்டும் உப்பு, வண்டிச் சக்கரம் வாரி அடிக்கும்போது இலையில் படியும். கடலோரத் தோட்டத்தில் உப்புக் காற்றே போதும். நல்ல தண்ணீரால் இலையைக் கழுவி, மண்ணிலும் தாராளமாக விட்டு உப்பைக் கீழே இறக்க வேண்டும்.

தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குள், ஒரே மூலையில் கருப்பும் பழுப்புமாக ஒரு திட்டு இருந்தால் ஆராய்ச்சியே வேண்டாம், நாய். தினமும் அதே இடத்தில் காலைத் தூக்குகிறது. அங்கே ஒரு சிறிய வலையோ தட்டியோ வைத்துவிட்டு, பட்ட இடத்தை உடனுக்குடன் கழுவிவிட்டால் போதும்.

புல்தரையை ஒட்டிய பக்கம் நுனிகள் முறுக்கிக்கொண்டு பழுப்பானால் களைக்கொல்லி காரணமாக இருக்கலாம். காற்றில் பறந்து படும் துளி ஒரு வழி. வேர் வழியாக உறிஞ்சப்படுவது இன்னொரு வழி. டைகாம்பா போன்றவை புல்தரையில் அடித்தாலும், அதன் கீழே ஓடும் வேலிச் செடியின் வேரைப் போய்ச் சேரும். கிளையின் நிழல் விழும் எல்லையோடு வேரும் நின்றுவிடும் என்று நினைக்கக் கூடாது. வேர் அதைத் தாண்டியும் போகும்.

வரிசையில் ஒரு செடி மட்டும் முழுதாகப் பழுப்பானால் தரைக்குக் கீழே பாருங்கள். கோளாறு வேரிலோ அடித்தண்டிலோதான்.

தண்ணீர்: பாதிக் கதை இதுதான்

தோட்டத்தில் பழுப்பாகும் ஊசியிலைச் செடிகளில் பெரும்பாலானவை தண்ணீர்க் கோளாறால்தான் போகின்றன என்பது என் எண்ணம். பூச்சியும் பூஞ்சையும் அதற்கு அப்புறம் வருகிற கூட்டம்.

ஒரு முறை துஜா ஒரு வரிசை நட்டிருந்தேன். நான்காவது செடி மட்டும் மங்கி, பிறகு வைக்கோல் நிறத்துக்கு வந்தது. தினமும் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரிதான் தண்ணீர். சுற்றிலும் மண்ணைத் தொட்டால் கையில் ஒட்டுகிறது. அதிகமாகி அழுகிவிட்டது போல என்று முடிவுகட்டி, தண்ணீரைக் குறைத்தேன். அதுவும் போய்ச் சேர்ந்தது. பிடுங்கியபோது தொட்டி வடிவம் மாறாமல் அப்படியே வந்தது. ஒரு வருடத்துக்கு முன் நாற்றங்கால் தொட்டியில் இருந்தபோது சுற்றிச் சுற்றி வளர்ந்த வேர், கூடை பின்னியது போல அதே இடத்தில் நின்றிருந்தது. வெளி மண்ணுக்குள் ஒரு வேர்கூடப் போகவில்லை. அந்த வேர்க்கட்டியைப் பிளந்து உள்ளே விரலை விட்டேன். தூள். மூக்குப்பொடி மாதிரி உலர்ந்த தூள்.

தொட்டிக் கலவை லேசானது, ஒரு தடவை நன்றாகக் காய்ந்துவிட்டால் தண்ணீரை ஏற்காது. விட்ட தண்ணீர் அதைச் சுற்றிக்கொண்டு களிமண்ணுக்குப் போய்விடுகிறது. தொட்டுப் பார்க்கிற நமக்கு ஈரம், செடிக்குப் பாலைவனம். அன்றிலிருந்து நடும்போது இரண்டு வேலை தவறுவதில்லை. வேர்க்கட்டியை வாளித் தண்ணீரில் குமிழி நிற்கும் வரை அமிழ்த்துவது ஒன்று. சுற்றிய வேரைக் கையால் பிரித்து, பிரியாவிட்டால் கத்தியால் நான்கு பக்கமும் கீறிவிட்டு நடுவது மற்றொன்று. முதல் வருடம் தண்ணீர் விடும்போதும் தண்டின் அடியிலேயே, அந்தக் கட்டியின் மேலேயே மெதுவாக இறங்கும்படி விட வேண்டும்.

புதிதாக நட்ட செடிக்கு முதல் இரண்டு வருடம்தான் கண்டம். வெயில் காலத்தில் வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை, ஒரு முறைக்கு ஒரு பெரிய வாளி அளவு, சுமார் 10 லிட்டர், நிதானமாக இறங்கினால் நல்லது. மண்ணைப் பொறுத்து இது கூடும் குறையும். தினமும் குழாயால் இலை மேல் பீய்ச்சிவிட்டுப் போவது தண்ணீர் விட்ட கணக்கில் வராது. மேல்மண் இரண்டு விரற்கடை நனையும், வேரும் மேலேயே நின்று பழகும், முதல் கோடையில் மாட்டிக்கொள்ளும். கணக்குப் பார்க்க எளிய வழி: ஒரு சதுர மீட்டர் தரையில் 10 லிட்டர் ஊற்றினால் அது 1 சென்டிமீட்டர் மழைக்குச் சமம். அந்த அளவு எவ்வளவு ஆழம் போகிறது என்று ஒரு மணி நேரம் கழித்துச் சிறு குழி தோண்டிப் பாருங்கள். ஏமாற்றமாக இருக்கும்.

வளர்ந்த வேலிக்குத் தண்ணீரே வேண்டாம் என்பதும் பாதி உண்மைதான். நெருக்கி நட்ட வேலி ஒரே குறுகிய பட்டை மண்ணில் போட்டி போட்டுக் குடிக்கிறது. அடர்ந்த மேல்பரப்பு மழையையும் பாதி தடுத்துவிடும். சுவரை ஒட்டியிருந்தால் சுவரின் சூடும் மழை மறைவும் சேர்ந்துகொள்ளும். நீண்ட வறட்சியில் அதற்கும் சில வாரங்களுக்கு ஒரு முறை ஆழமாக நீர் காட்ட வேண்டியிருக்கும்.

சரி, இதற்கு நேர்மாறான தொல்லையும் இதே முகத்தோடு வரும். நீர் தேங்கிய மண்ணில் வேருக்குக் காற்று கிடைக்காது. மூச்சு முட்டிய வேர் நீரை உறிஞ்சாது, மேலே அதே காய்ச்சல், அதே பழுப்பு. அதிலும் பைட்டோப்தோரா என்ற வேரழுகல் கிருமிக்கு நீர் நின்ற மண் திருவிழா மாதிரி. முதலில் செடி முழுக்கப் பளபளப்பு போய்ச் சாம்பல் பச்சையாகும், பிறகு மஞ்சள், பிறகு பழுப்பு. அடித்தண்டில், தரையை ஒட்டிப் பட்டையைச் சீவினால் வெள்ளையாக இருக்க வேண்டிய இடம் செம்பழுப்பாக இருக்கும். நல்ல திசுவுக்கும் கெட்டதற்கும் நடுவே கோடு போட்ட மாதிரி எல்லை தெரியும். வேரை இழுத்தால் மேல்தோல் உறை கழல்வது போல உருவிக்கொண்டு வரும், உள்ளே நூல் மட்டும் மிஞ்சும். அந்த நிலைக்கு வந்த செடியைக் காப்பாற்ற வீட்டுத் தோட்டக்காரர் கையில் மருந்து இல்லை. வேரோடு எடுத்துவிட்டு, வடிகாலைச் சரிசெய்து, அந்த இடத்தில் அதே இனத்தைத் திரும்ப வைக்காமல் இருப்பதுதான் வழி.

வடிகால் எப்படி என்று நடுவதற்கு முன்பே சோதிக்கலாம். ஓரடி ஆழக் குழி தோண்டி நிறைய நீர் ஊற்றி, வடிந்த பிறகு இன்னொரு முறை நிரப்புங்கள். மறுநாளும் நீர் நின்றால் அங்கே ஊசியிலை வேலிக்கு வேலையில்லை. அல்லது மண்ணை வரப்பு போல உயர்த்தி அதன் மேல் நட வேண்டும்.

மூடாக்கு இரண்டு தொல்லைக்கும் நடுவில் நின்று உதவும். மரப்பட்டைத் துண்டோ காய்ந்த இலையோ 5 முதல் 8 சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பினால் போதும். தண்டைத் தொடாமல் ஒரு சாண் விட்டுப் பரப்ப வேண்டும். தண்டோடு ஒட்டிக் குவித்தால் பட்டை எப்போதும் ஈரமாக இருந்து அழுகும்.

எப்சம் உப்பும் உர மூட்டையும்

பழுப்பு என்றாலே "எப்சம் உப்பு போடு" என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். அது மெக்னீசியம் சல்பேட். மண்ணில் மெக்னீசியம் குறைந்து, அதனால் இலை மஞ்சளானால் பலன் தரும். மணற்பாங்கான மண்ணில் அப்படி நடப்பதுண்டு. வறட்சிக்கோ அழுகலுக்கோ சாறு குடிக்கும் அசுவினிப் பூச்சிக்கோ அது மருந்தல்ல. காய்ந்து கிடக்கும் வேருக்கு இன்னும் கொஞ்சம் உப்பைக் கொடுப்பது உதவியா உபத்திரவமா என்று யோசித்துப் பாருங்கள். தழைச்சத்து உரமும் இதே கதைதான். நோயாளிச் செடிக்கு யூரியாவை அள்ளிப் போட்டால் வேர் மேலும் கருகும். உரம் வேண்டுமென்றால் செடி தேறித் துளிர் விடும்போது கொஞ்சமாக, ஈர மண்ணில்.

குடிக்கிறவர்களும் தின்கிறவர்களும்

வேலியின் நடுவில், பெரும்பாலும் கீழிருந்து மேலாக, ஒழுங்கில்லாமல் திட்டுத்திட்டாகப் பழுப்பு வந்தால் கிளைகளை விலக்கி உள்ளே பாருங்கள். சின்னக் கொம்புகளில் புகை படிந்த மாதிரி கருப்பு ஒட்டியிருக்கிறதா? எறும்பு ஏறி இறங்குகிறதா? அப்படியென்றால் சைப்ரஸ் அசுவினி வந்து போயிருக்கிறது. சாம்பல் பழுப்பில் தண்டோடு தண்டாக ஒட்டி இருக்கும், தேடினால்தான் கண்ணில் படும். சாறு குடிக்கும்போது அது விடும் உமிழ்நீரே அந்தக் கொம்பைக் காயவைத்துவிடும். மிச்சச் சாற்றைத் தேன் போலக் கழிக்கும், அதன் மேல்தான் கரும்பூஞ்சை வளரும். சின்னப் பூச்சிதானே என்று நினைக்க வேண்டாம். 1986-ல் மலாவியில் கண்டறியப்பட்ட இந்த அசுவினி, அடுத்த சில ஆண்டுகளில் கிழக்கு ஆப்பிரிக்காவின் சைப்ரஸ் தோப்புகளை வாட்டி எடுத்தது.

இதில் கொடுமை, பழுப்பு கண்ணில் படும் நேரத்தில் அசுவினி பெரும்பாலும் கிளம்பிப் போயிருக்கும். அப்போது மருந்தடிப்பது திருடன் போன பிறகு கதவைப் பூட்டுவது. வசந்த காலத்திலிருந்தே மாதம் ஒரு முறை கிளையை விலக்கிப் பார்த்து, பூச்சி இருக்கும்போதே சோப்புக் கரைசலோ வேப்பெண்ணெய்க் கரைசலோ தண்டில் படும்படி உள்ளே தெளித்தால்தான் பயன். வெயில் தாழ்ந்த பிறகு, முதலில் ஒரு சின்னக் கிளையில் சோதித்துவிட்டு.

சிலந்திப்பேனுக்கு வேறு அடையாளம். இலை ஒரேயடியாகப் பழுப்பாகாமல் முதலில் தூசி படிந்த மாதிரி மங்கும், ஊசி குத்திய மாதிரி வெளிர்புள்ளி நிறையத் தெரியும், நுண்ணிய வலை இருக்கும். வெள்ளைத் தாள் ஒன்றைக் கிளைக்கு அடியில் பிடித்து, கிளையை இரண்டு தட்டுத் தட்டுங்கள். தாளில் விழுந்த தூசியைப் பத்து வினாடி உற்றுப் பாருங்கள். தூசி நடக்க ஆரம்பித்தால் அதுதான். விரலால் தேய்த்தால் கோடு இழுக்கும். குழாயை அழுத்திப் பிடித்து, இலையின் உள்பக்கம் படும்படி சில நாளுக்கு ஒரு முறை பீய்ச்சி அடித்தாலே கூட்டம் பாதியாகும். கண்டபடி பூச்சிக்கொல்லி அடித்தால் சிலந்திப்பேனைத் தின்னும் நல்ல பூச்சிகள்தான் முதலில் சாகும், அப்புறம் பேன் முன்பைவிடப் பெருகும்.

ஜூனிபரிலும் துஜாவிலும் சின்னக் காய் போலத் தொங்குவதெல்லாம் காயல்ல. செடியின் துணுக்குகளையே ஒட்டிப் பை தைத்து உள்ளே வாழும் பைப்புழுவும் உண்டு. ஒரு பையில் நூற்றுக்கணக்கில் முட்டை இருக்கும். குளிர் காலத்தில் கையால் பறித்து அழிப்பதைவிட நல்ல மருந்து இதற்கு இல்லை.

பூஞ்சைகளில் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது சைப்ரஸ் இனங்களைத் தாக்கும் செய்ரிடியம் புண்நோய். பச்சைச் செடியின் நடுவே ஒரு கிளை மட்டும் நுனியிலிருந்து அடி வரை காய்ந்து நிற்கும். அந்தக் கிளை தொடங்கும் இடத்தில் பட்டை உள்வாங்கி வெடித்துப் பிசின் வழிந்திருக்கும். மருந்து பயன்படாது. புண்ணுக்குக் கீழே ஒரு சாண் தள்ளி நல்ல கட்டையில் வெட்டி எடுத்து எரித்துவிட வேண்டும். ஒவ்வொரு வெட்டுக்கும் நடுவே கத்தரியை 70 சதவீத ஆல்கஹாலில் துடைக்க வேண்டும். புண் முக்கியத் தண்டிலேயே இருந்தால் செடி போனதுதான். வெயிலில் காய்ந்து நொந்த செடியைத்தான் இது சுலபமாகப் பிடிக்கிறது. தண்ணீர்க் கதைக்கே திரும்பி வருகிறோம்.

கத்தரி பிடிக்கும் கை

நம் கையால் வரும் பழுப்பும் உண்டு. ஊசியிலை வேலியைக் கையால் விலக்கிப் பாருங்கள். வெளியே அடர்பச்சை. ஒரு சாண் உள்ளே போனால் வெறும் பழுப்புக் குச்சி. மொத்த உயிரும் அந்த ஒரு சாணில்தான் இருக்கிறது. இரண்டு வருடம் வெட்டாமல் விட்டு, வேலி பாதையில் வந்துவிட்டது என்று ஒரே நாளில் பழைய அளவுக்கு வெட்டினால் நேராக அந்தக் குச்சிப் பகுதிக்குள் போய் நிற்போம். அப்புறம் அது மூடாது.

லேலண்டி சைப்ரஸில் இந்த விபத்து அதிகம். கலிபோர்னியாவின் மான்டரே சைப்ரஸும் வட அமெரிக்க மேற்குக் கரையின் நூட்கா சைப்ரஸும் வேல்ஸில் ஒரு தோட்டத்தில் அருகருகே நின்று, 1888 வாக்கில் தற்செயலாகக் கலந்து பிறந்த கலப்பு அது. வருடத்துக்கு ஒரு மீட்டர் வரை வளரும். அவசரமாக மறைப்பு வேண்டும் என்பவர்கள் ஆசையாக நடுவார்கள், அது அவர்களைவிட அவசரக்காரன் என்று பிறகுதான் தெரியும். அதை வருடத்துக்கு இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் கொஞ்சமாக, பச்சைக்குள்ளேயே வெட்டிக்கொண்டிருக்க வேண்டும். மற்ற ஊசியிலை வேலிக்கு ஒன்றிரண்டு முறை போதும்.

கொளுத்தும் வெயிலில் வெட்டக் கூடாது. அதுவரை நிழலில் இருந்த உள் இலை திடீரென்று வெயில் பட்டுக் கருகும். மேகமூட்டமான நாள் நல்லது. கத்தரி மழுங்கியிருந்தால் நுனிகள் நசுங்கி, ஒரு வாரத்தில் வேலி முழுக்கப் பொன்பழுப்பு விளிம்பு கட்டிவிடும். அப்புறம் வடிவம்: மேலே குறுகி, கீழே அகன்று, லேசாகச் சாய்ந்த சுவர் போல வெட்டுங்கள். தலை பெருத்தால் கீழ்ப்பகுதிக்கு வெளிச்சம் போகாது, கீழ்ப்பகுதி மொட்டையாகும். நோய் ஒன்றுமில்லை, வெறும் நிழல்.

ஓட்டையை மூடுவது

காரணம் நின்றுவிட்டது, திட்டு மட்டும் மிச்சம் என்றால் முதலில் செத்த குச்சிகளை உயிர் தொடங்கும் இடம் வரை வெட்டி எடுங்கள். வெளிச்சம் உள்ளே போகட்டும். பிறகு ஓட்டையின் குறுக்கே ஒரு மூங்கில் குச்சியைச் செருகி, பக்கத்துப் பச்சைக் கிளைகளை அதன் மேல் வளைத்து, மெல்லிய பருத்திக் கயிற்றால் தளர்வாகக் கட்டுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை கட்டை அவிழ்த்துத் திரும்பக் கட்ட வேண்டும், இல்லையென்றால் கயிறு கிளையை நெரித்துப் புதிதாக ஒரு பழுப்பை உண்டாக்கும். முழங்கை அகல ஓட்டை இப்படி மூட ஒன்றிரண்டு வருடம் ஆகும். அதைவிடப் பெரியதென்றால் அந்தச் செடியையே எடுத்துவிட்டுப் புதிது வைப்பதுதான் யோக்கியமான வேலை. பச்சைச் சாயம் தெளிக்கிறவர்களும் இருக்கிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் பரவாயில்லை.

இலை வேலிகளுக்கு இவ்வளவு கறார் கிடையாது. பிரிவெட், செம்பருத்தி, துரந்தா எல்லாம் பழைய கட்டையிலிருந்து துளிர்க்கும், பாதி கருகினாலும் அடியோடு வெட்டிவிட்டால் மீண்டு வரும். பீச், ஹார்ன்பீம் வேலிகள் குளிர் காலம் முழுக்கக் காய்ந்த இலையைப் பிடித்துக்கொண்டு நிற்கும், அது அவற்றின் சுபாவம். பாக்ஸ் செடிக்கு மட்டும் இப்போது நேரம் சரியில்லை. இலையில் பழுப்புப் புள்ளி வந்து உதிர்ந்து, பச்சைத் தண்டில் கருப்புக் கோடு தெரிந்தால் அது பாக்ஸ் கருகல் பூஞ்சை. இலை எலும்புக்கூடாகி வலையும் பச்சைப் புழுவும் இருந்தால் அது பாக்ஸ் அந்துப்பூச்சி. கிழக்கு ஆசியாவிலிருந்து வந்து 2007-ல் ஜெர்மனியில் தென்பட்டு, பிறகு ஐரோப்பா முழுக்கப் பரவியது. புழுவைக் கையால் பொறுக்கலாம், பூஞ்சைக்கு வெட்டி எரிப்பதும், மேலிருந்து தண்ணீர் தெளிக்காமல் இருப்பதும்தான்.

உங்களிடம் இருப்பது யூ வேலி என்றால் கொடுத்துவைத்தவர். உள்ளே எவ்வளவு காய்ந்திருந்தாலும், வேர் நன்றாக இருந்தால் ஒரு பக்கத்தை முக்கியத் தண்டு வரைகூட வெட்டலாம். மறுபக்கத்தை உடனே தொட வேண்டாம். வெட்டிய பக்கம் ஒரு சாண் அளவுக்குத் தழைக்கட்டும். அதற்கு ஒரு வருடம் ஆகலாம், இரண்டும் ஆகலாம்.